ஈரக்கழிவு

நெல்லு நிறுக்கிறது என் தொழில்.
ஒட்டுசுட்டான் சங்கக் களஞ்சியத்தில்
மாசி பங்குனி முழுக்க
மூட்டை ஏறும், முள் நடுங்கும், நான் எழுதுவேன்.
ஈரம் கூடினால் மூட்டைக்கு இவ்வளவென்று கழிப்பேன்.
ஏசுவார்கள். கேட்டுப் பழக்கம்.

போன ஆடியில் ஆஸ்பத்திரித் தராசில்
என்னை ஏற்றினாள் மிஸி.
எண்பத்தொன்று. சீனி இருநூற்றுப் பத்து.
கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்க ஏலுமே?"

ஏலும். ஒருக்கால் குறைஞ்சனான்,
மாத்தளனில், கஞ்சித் தண்ணியில்.
எவ்வளவென்று தெரியாது,
அங்கே தராசு இருக்கவில்லை.
அதை மிஸியிடம் சொல்லவில்லை.
அவளுக்கு அப்போது ஐந்தாறு வயதிருக்கும்.

முகாமில் கிடைத்த முதல் கோப்பைச் சோற்றை
குழம்பும் விடாமல் தின்றவள் நான்.
அதற்குப் பிறகு
கோப்பையின் அடி தெரிய விட்டதில்லை.
பிள்ளைகள் மிச்சம் வைத்தால் அதுவும் எனக்கு.
எறிவது என்ற சொல் எங்கள் குசினியில் இல்லை.

ஆகவே
இது பட்டினி இல்லை என்று
முதலில் உடம்புக்குச் சொல்லவேண்டியிருந்தது.
அது நம்பவில்லை.
இரவு பதினொரு மணிக்கு எழுப்பி
பானையில் சோறு இருக்கோ என்று பார்க்கச் சொன்னது.
போய் மூடியைத் திறந்து காட்டினேன்.
இருக்கு, பார்.
மூடிவிட்டு வந்து படுத்தேன்.
ஒரு மாதம் இப்படி.

மூன்று அகப்பை இரண்டானது.
மிச்ச இடத்துக்கு வல்லாரைச் சம்பல், பயற்றங்காய்,
சில நாள் ஒரு துண்டு விரால்.
பிள்ளைகளின் மிச்சம் கோழிக்கு.
கோழி கொழுத்தது.
பிளேன்ரீக்கு இரண்டு கரண்டிச் சீனி,
பிறகு ஒன்று, பிறகு அரை,
பிறகு உள்ளங்கையில் ஒரு கடி பனங்கட்டி.
"ஏனிந்த விளையாட்டு, ஒரேயடியாய் விடன்" என்றார் இவர்.
ஒரேயடியாய் விட்டுவிட்டு வந்ததெல்லாம்
போதும் எங்களுக்கு.

இருட்டோடு நடக்க ஏலாது, யானை.
ஆறரைக்குப் பிறகுதான் வாய்க்கால் கட்டு.
கூட வருவது பிறேமசீலி.
இடது முழங்காலுக்குக் கீழே அவளுக்குச் செய்த கால்.
என்னைவிட வேகம்.
முதல் நாள் மதகு வரைக்கும்தான்;
மூச்சு இளைத்தது, நான் இளைக்கவில்லை.
இரண்டு கிழமையில் நாவல் மரம்.
புரட்டாதியில் பம்பியடி.
மாரி வந்தது, கட்டு சேறானது,
களஞ்சியத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தோம்,
வெறும் சாக்குகளுக்கு நடுவில், இரண்டு பைத்தியங்கள் போல.
பிறகு எனக்குக் காய்ச்சல். ஒன்பது நாள்.
பத்தாம் நாள் மறுபடி மதகு வரைக்கும்தான்.
மதகு ஒன்றும் கேட்கவில்லை.

முதல் மாதம் இரண்டு கிலோ குறைவு.
மிஸி கை தட்டினாள்.
எனக்குத் தெரியும், அது ஈரம்.
இரண்டாம் மாதம் அறுநூறு கிராம்.
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் நெல்லு.
கார்த்திகையில் ஒரு கலியாணம், ஒரு அந்தியேட்டி:
நானூறு கிராம் ஏறியது.
எழுது என்றேன். முள் காட்டியதை எழுதத்தானே வேணும்.

பிறேமசீலியும் மெலிகிறாள்.
அவளுக்கு அது கரைச்சல்;
காலின் கிண்ணம் கழருதாம்,
இரண்டு காலுறை போட்டு இறுக்குகிறாள்.
"உன்னாலைதான், மூன்றாவதுக்கு நீ காசு தா" என்கிறாள்,
சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் போகிறாள்.

இப்போது மாசி. எழுபத்தைந்தரை.
வரிசையில் நின்ற பண்டாரிகுளத்து அண்ணை
மேலும் கீழும் பார்த்தார்.
"என்ன பிள்ளை, வாடிப்போனாய்? ஏதும் வருத்தமே?"
இங்கே மெலிந்தவளிடம்
வேறெதையும் கேட்கத் தெரியாது எவருக்கும்.

"ஈரம் கழிச்சனான் அண்ணை" என்றேன்.

அவர் தன் மூட்டையைப் பார்த்தார்,
என் பேனையைப் பார்த்தார்,
ஏசத் தொடங்கினார்.