இரண்டு டிகிரி

நைவாஷா ஏரியின் தெற்குச் சாலையில்
பச்சை கேட் ஒன்று, நீல கேட் ஒன்று.
நடுவில் முள்வேலி,
வேலியை மதிக்காத நீர்யானைகள்.

ஏரித் தண்ணீர் ஒன்று. எரிமலை மண் ஒன்று.
ரோஜாக் கன்று விற்ற டச்சுக்காரனும் ஒருவன்தான்.
இரண்டிலும் லோடு ஏற்றுகிறவன் நான்.

ஹாலந்து ஏலத்தில் மட்டும்
பச்சையின் பூவுக்குத் தண்டுக்கு நாலு சென்ட் கூட.
நாலு சென்ட்தானே என்று சிரிப்பீர்கள்.
ஒரு லாரியில் எத்தனை தண்டு என்று
எண்ணிவிட்டுச் சிரியுங்கள்.

போன வருஷம் நீலக்காரர்கள்
ஒகுட்டு என்று ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள்.
தண்ணீரை அளந்தார், உரத்தை அளந்தார்,
சம்பளப் பட்டியலைப் புரட்டினார்.
எல்லாம் சமமாகவே வந்தது.
'தலைமைப் பண்பு' என்று தலைப்புப் போட்டு
நாற்பது பக்கம் கொடுத்துவிட்டுப் போனார்.

பச்சையின் முதலாளியை எனக்குத் தெரியும்.
டீசல் பில்லில் இரண்டு தடவை
என் காசை விழுங்கிய மனுஷன்.

என்னைக் கேட்டிருந்தால்
நசிமியூவைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.
பச்சைக் கொட்டகையில் பூக்கட்டு போடுகிறவள்.
பிப்ரவரி எட்டு, காதலர் தின அவசரம்,
பெல்ட் பறக்கிறது.
அடியிதழில் கடுகளவு சாம்பல் பூத்ததைப் பார்த்தவள்
தலைக்கு மேல் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள்.
அறுபது பேர் நின்றார்கள்.
நானும் லாரியும் நின்றோம்.
சூப்பர்வைசர் ஓடிவந்தார்.
"எங்கே, காட்டு" என்றார்.
அவ்வளவுதான்.
நாற்பது நிமிடம் போனது.
ஏழாம் குடிலின் பூ ஒன்றுகூட
அன்று என் வண்டியில் ஏறவில்லை.

நீலத்திலும் அதே சிவப்புக் கயிறு உண்டு,
ஆலோசகர் சொல்லி வாங்கியது.
யாரோ ஈரக் கையுறை காயப்போட்டிருக்கிறார்கள்.

அங்கே குளிரறைக் கதவில் ஒரு வெப்பமானி.
மழையிலும் இரண்டு டிகிரி, வெயிலிலும் இரண்டு,
கரண்ட் போன அன்றும் இரண்டு.
அது செத்துவிட்டது
பெருக்குகிற பையனுக்குத் தெரியும்.
மேலாளர் கடூருவுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.
தினமும் காலையில் ஒருவர் வந்து
நோட்டில் 'இரண்டு' என்று
அழகான கையெழுத்தில் எழுதுகிறார்.
ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாளாம்.
மறுவாரம் அவளை உரக் கிடங்குக்கு மாற்றினார்கள்.
வெப்பமானியை மாற்றவில்லை.

ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலோ
மூன்றாம் நாளே தலைகவிழும் பூவுக்கு
இந்தக் கதை தெரியாது.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள்.
வாரத்தில் ஆறு நாள்
அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன்.
ஒரு தரம் வாயைத் திறந்தேன்.
ரசீதிலிருந்து நிமிராமல் கடூரு "என்ன?" என்றார்.
"ஒன்றுமில்லை, மழை வரும்போல" என்றேன்.

அன்று மதியமே பச்சை கேட்டில் லோடு.
வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி
இறங்கியதும் நானாகவே சொன்னேன்:
"பின்கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது, நசிமியூ.
குளிர் கசியும்."
காலையில் நீலத்தில் ஏற்றும்போதே கிழிந்திருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
"எங்கே, காட்டு."