வந்ததும் சொல்ல

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால்
எங்கள் கூட்டம் இருபது நிமிடம் தள்ளிப்போகும்.
சனிக்கிழமை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
டியூஷன் சென்டர்க்காரர் வாடகை வாங்காமல் தரும் அறை,
சுவரில் பதினாறாம் வாய்பாடு.
ஏழு பிளாஸ்டிக் நாற்காலியில்
ஒன்றுக்குக் கால் சரியில்லை.
அதை நான் எடுத்துக்கொள்வேன்.

அனுப்பிவைத்த நிறுவனம்
திரும்பி வந்தவர்களுக்கென்று ஒரு படிவம் தந்திருக்கிறது.
ஏழாவது கேள்வி:
உங்களிடம் ஏற்பட்ட மாற்றங்களைக் குறிப்பிடுக.
கோடு போட்டு மூன்று வரி இடம்.

டில்லிபாபு பத்து மாதம் பின்லாந்தில் படித்தவன்.
பஸ்ஸிலிருந்து இறங்கும்போது
அங்கத்துப் பழக்கத்தில் நன்றி சொல்லிவிட்டான்.
"இன்னாபா, சில்லற எதுனா பாக்கியா?"
கண்டக்டர் கேட்டதும் ஃபுட்போர்டே சிரித்ததாம்.
நாங்களும் சிரித்தோம், அவனும்.
எல்லாரும் ஓய்ந்த பிறகு
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அங்க ஒரு கதவு இருந்துச்சுக்கா"
என்றாள் முபீனா.
மண்ணடியில் அவர்கள் ஆறு பேருக்கு ஒரே ஹால்.
இப்போது பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டு
பத்து நிமிடம் சும்மா நிற்கிறாள்.
வெளியே கேட்கட்டும் என்று
குழாயை லேசாகத் திறந்துவைக்கிறாள்.
பிறகு, தண்ணீர் வீணாகிறதே என்று
அதற்கும் அழுகை.

பவுலின் வந்து மூன்று வாரம்தான்,
பனி கூரைவரை ஏறும் ஜப்பானிய ஊரிலிருந்து.
படிவத்தில் பெயரை மட்டும் எழுதியிருந்தாள்.
"வீட்டுக்குள்ள நுழையும்போது சொல்ல
அங்க ஒரு வார்த்தை இருக்கு.
உள்ள இருக்கறவங்க பதிலுக்குச் சொல்ல இன்னொண்ணு.
நம்மகிட்ட கிளம்பறதுக்குத்தான் இருக்கு,
போய்ட்டு வரேன்னு.
வந்தப்புறம்?"

சரக்கு ரயில் போனது.
எண்ணாததுபோல எல்லாரும்
டேங்கர்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

நாற்பத்தொன்றோ இரண்டோ போனபின்
டில்லிபாபு யாரையும் பார்க்காமல் சொன்னான்:
"காசிமேட்டுல பதினேழு வருசம் இருந்திருக்கேன்,
எங்க வீட்டுக்கு ஒரு வாசனை இருக்குன்னே தெரியாது.
வந்த அன்னிக்கித்தான் தெரிஞ்சுது.
மூஞ்ச சுளிச்சேன்.
ஒரு செகண்டுதான்.
அம்மா பாத்துட்டாங்க.
அன்னிலேர்ந்து நான் வர்றதுக்குள்ள
பினாயில் ஊத்திக் கழுவிடுறாங்க."

எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்,
கேள், அறிவுரை சொல்லாதே என்று.
சொல்ல எதுவும் இல்லாததால்
அது சுலபமாக இருந்தது.
நான் திரும்பியபோது தெருவே கேட்டது இரண்டு கேள்வி:
ரொம்பக் குளிரா? சோத்துக்கு என்ன பண்ணே?
மூன்றாவதைக் கேட்க ஆளில்லாமல்தான்
இந்த நாற்காலிகளைப் போட ஆரம்பித்தேன்.
அந்த மூன்றாவது என்னவென்று
நான்கு வருடமாகியும் சரியாகத் தெரியவில்லை.

கீழேயிருந்து அத்தோ பார்சல் வந்தது.
தட்டு இல்லை. படிவத்தை விரித்தோம்.
ஏழாவது கேள்விமேல் எண்ணெய் ஊறியது.
வெங்காயத்துக்குச் சண்டை போட்டார்கள்.

செவ்வாய் இரவு டில்லிபாபு அனுப்பியது,
எழுத்துப் பிழைகளை நான் திருத்தியிருக்கிறேன்:
'பினாயில் பாட்டிலை ஒளிச்சு வெச்சுட்டேன்.
அம்மா பக்கத்துல உக்காந்து எறா உரிச்சேன்.
ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.
அப்புறம் சொன்னேன், வந்துட்டம்மா.
அவங்க நிமிரவே இல்ல.
தெரியுது, தலைய ஒழுங்கா கிள்ளுன்னாங்க.'

இதைப் பவுலினிடம் காட்டலாமா என்று கேட்டேன்.
இரண்டு நீல டிக்.
பதில் இல்லை.
இன்னும் உரித்துக்கொண்டிருக்கலாம்.