கடல், பேரூராட்சி மண்டபம், கோத்தகிரி

மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் முன்
அதன் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல்
எழுதித் தரச் சொன்னார் செயல் அலுவலர்.
கிடைத்தது ஒரு கோப்பு, ஒரு ரசீதுக் கட்டு,
பீரோவுக்குப் பின்னால்
கவிழ்ந்து கிடந்த ஒரு கப்பல்.

கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் அடி
என்கிறது பேருந்து நிலையப் பலகை.
கடலை நாங்கள் அப்படித்தான் அறிவோம்,
எவ்வளவு கீழே என்று.

எழுபத்தொன்றில் மனுப் போட்டவர் கஸ்பார் மச்சாது.
தூத்துக்குடிக்காரர், கப்பலில் பண்டகக் காப்பாளர்.
நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று என்று எவரோ சொல்ல
வந்து, சளி கூடி, தங்கிவிட்டவர்.
"ஊட்டியில் மே மாதம் பூவைக் காட்டுகிறார்கள்.
நாம் உப்பைக் காட்டலாம்."
ஓரத்தில் தலைவரின் பச்சை மை:
கட்டணம் பத்துப் பைசா. மீன் நாறக் கூடாது.

திமிங்கிலத் தாடை மேட்டுப்பாளையம்வரை ரயிலில் வந்தது.
அப்புறம் மொய்துவின் லாரி.
மூன்றாவது கொண்டை ஊசியில் எலும்பின் நுனி
பாறையில் முட்டி,
முன்னும் போகாமல் பின்னும் போகாமல்,
இறக்கினார்கள்.
கொழுந்து எடுக்க வந்த பெண்கள் பதினாறு பேர்
தோளில் ஏற்றி வளைவைத் திருப்பினார்கள்.
கூலி தலைக்கு எட்டணா.
பதினைந்து கைநாட்டு, ஒரு கையெழுத்து:
மு. தெய்வானை.

முதல் வருடம் கூட்டம் இல்லை. மழை.
ஹட்டியிலிருந்து வந்த போஜன்
சங்கைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு
"இந்தக் காத்துதானே எங்க சோலையிலும் அடிக்குது" என்று
பத்துப் பைசாவைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்.
கொடுத்ததற்கும் கணக்கு இருக்கிறது.

இரண்டாம் வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள்
தலைமன்னார் கப்பல்.
மச்சாதுவே செய்தது, தேக்கில் மூன்றடி,
புகைக்கூண்டு, ஏணி, வட்ட வட்டமாய்ச் சன்னல்.
ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் வந்தது.
சங்கைப் பார்க்கவில்லை.
தாடையை ஏற்கெனவே தோளுக்குத் தெரியும்.
கப்பல் முன்னால் நின்றார்கள்
டிக்கெட் கிழிப்பவன் வந்து நகரச் சொல்லும்வரை.
"இந்த எடத்துலதான் வாந்தி எடுத்தேன்" என்று
ஒருத்தி கண்ணாடிமேல் விரல் வைத்தாள்.
கருத்துப் புத்தகத்தில் தெய்வானை எழுதினாள்:
கப்பல் நல்லா இருக்கு. ஆள் இல்லை.

மறுநாள் பெட்டி திறந்திருந்தது.
பக்கத்தில் பசைப் புட்டி, ஒரு தீப்பெட்டி.
அவரவர் நின்று வந்த இடத்தில்
அவரவர் ஒரு குச்சியை நட்டார்கள்,
சிவப்புத் தலை மேலே.
கைக்குழந்தைக்குக் குச்சியைப் பாதியாய் ஒடித்தார்கள்.
கரை காணாதவர் ஒருவரைப்
பின் தளத்தில் படுக்க வைத்தார்கள்.
அடுத்த மே மாதம் இன்னும் சனம், இன்னும் குச்சி.
சாய்ந்த கப்பலை நிமிர்த்த
ஈயக்கட்டி வாங்கிய சீட்டு: இரண்டு ரூபாய்.

நின்றுபோன ஆண்டு என்ற கட்டத்தில்
எதைப் போடுவது?
எட்டாம் வருடம் ஐப்பசி, பதினொரு நாள் மழை.
லயத்தோடு மண் இறங்கியது.
மிஞ்சியவர்களை மண்டபத்தில் வைத்தார்கள்.
நங்கூரக் கயிறு பள்ளத்துக்குப் போனது, திரும்பவில்லை.
பாய்மரத் துணியைப் பதினேழு பேர் போர்த்தியிருந்தார்கள்.
அரிசி இருந்தது, விறகுகூட இருந்தது.
ஊரில் ஒரு தீக்குச்சியும் பற்றவில்லை.

யார் முதலில் சொன்னது என்று கோப்பில் இல்லை.
மச்சாதுவின் உள்பையில் காலிப் பெட்டி ஒன்று,
மருந்துப் பட்டை மட்டும் நனையாமல்.
கண்ணாடியைத் திறந்தார்கள்.
பிடுங்கியவள் யாருடையது என்று
பார்த்துப் பிடுங்கினாளா,
அதுவும் கோப்பில் இல்லை.
முகாம் செலவு: அரிசி நாலு மூட்டை.
மண்ணெண்ணெய் இரண்டு டின்.
தீப்பெட்டி, செலவு இல்லை.

தாடை இப்போது பேருந்து நிலையத்தின் பின்னால்.
எத்தனையோ மாலை அதில் உட்கார்ந்திருக்கிறேன்,
மரம் என்று நினைத்து.

கப்பலைத் துடைத்தேன்.
தளமெங்கும் கடுகளவு பசைப் பொட்டுகள்.
இருநூற்றுப் பத்துவரை எண்ணியபோது
பக்கம் தயாரா என்று அலுவலர் குரல்.
பின் தளத்தில் ஒன்று மட்டும் குச்சியோடு,
படுத்த வாக்கில்.