தொடக்க அளவு

வரிசை எண் 1074.
தெனாகா கடையின் குளிரில்
என் வாடகை ஒப்பந்தம் மட்டும் வியர்த்திருந்தது.
பையில் வைக்கப் பயந்து
கையிலேயே வைத்திருந்தேன்.

சுஹைலா என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
முத்திரையைப் பார்த்தாள்,
அடையாள அட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
முன்பணம் சொன்னாள், எண்ணிக் கொடுத்தேன்.
இதற்கு முன்னால் எந்தக் கணக்கு?
இல்லை.
நாற்பத்து மூன்று வயதிலுமா?
இதை அவள் கேட்கவில்லை.

பதினெட்டு வருடம் சுங்கை டுவாவில்,
கம்பெனி பிடித்துக் கொடுத்த வீட்டில்,
எட்டுப் பெண்கள்.
பில் யார் பேரில் வந்ததென்று எவளுக்கும் தெரியாது,
சண்டை மட்டும் எங்கள் பேரில் வந்தது.
இஸ்திரிப் பெட்டிக்குப் பத்து நிமிடம்.
முடி காயவைக்கும் மெஷினுக்குத் தனியாக ஒரு வெள்ளி.
அடுப்படிச் சுவரில் செண்பகத்தின் எழுத்து:
கேத்தலில் ஒரு கப் தண்ணி மட்டும்!!!
இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்து
இருட்டிலேயே துணி மடிக்கப் பழகியவள் நான்.

திரையில் பெயர் ஏறியது:
குமுதவல்லி ஏ/பி சொக்கலிங்
கட்டம் அத்தோடு முடிந்துவிட்டது.
அப்பாவுக்கு இரண்டெழுத்துக் குறைவு.
பரவாயில்லை என்றேன்.
அவர் இருந்தபோதும்
எந்தத் தாளிலும் முழுசாக ஏறியதில்லை.

ஜெலுத்தோங். நாலாம் மாடி.
மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.
கீழே, படிக்கட்டுக்கு அடியில்
பூனை படுத்திருந்த பெட்டிகளின் வரிசை.
4-12.
48216.
பூச்சியம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்,
புது நோட்டு மாதிரி.
யாரோ வேகவைத்த சோறு, யாரோ பார்த்த தொடர்,
யாருடைய காய்ச்சலுக்கோ
விடிய விடிய ஓடிய காற்றாடி,
அது முடிந்த இடத்திலிருந்துதான்
எனக்கு எண்ணுவார்களாம்.

கேஸ் தோம்பைத் தோளில் வைத்து
தியோ நாலு மாடியும் ஏறினார்.
வெறுங்கையோடு ஏறிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
ரெகுலேட்டரை மாட்டினார்.
சோப்பு நுரை தடவி
குமிழி வராததைக் காட்டினார்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து,
"எத்தனை பேருக்குச் சாப்பாடு?"
ஒருத்தி.
"ஒருத்தின்னா, தீபாவளி தாண்டும்."
எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.
அந்தக் கேள்விக்குப் பிறகு
இன்னொரு கேள்வி வராமல் போனது
அன்றைக்குத்தான்.

கதவுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்.
போட்டாலும் அணைத்தாலும்
வீட்டுக்குள் ஒன்றும் ஆகவில்லை.
அணைத்தே வைத்தேன், பழக்கம்.
ஏழரை மணிக்கு வெளியே எதுவோ உருண்டது,
ஹொக்கியனில் ஒரு வசவு,
அப்புறம் கதவில் தட்டல்.
4-14 பையன், ஒற்றைக் காலில் செருப்போடு:
"ஆண்ட்டி, லைட்."

நடைவழி பல்பு.
என் மீட்டரில்.
லோ வீட்டம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம்.
ஏனென்று அவனுக்குத் தெரியாது,
அவன் பிறப்பதற்கு முந்திய சமாசாரம்.

மாதம் எவ்வளவு வரும் என்று
மனசு கணக்குப் போட்டது,
செண்பகத்தின் எழுத்தில்.
நாளைக்கு நிர்வாக ஆபீசில் கேட்க வேண்டும்.
நாளைக்கு ஷிஃப்ட்.
நாளை மறுநாள் கேட்கலாம்.

முதல் பில்:
இருபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.
ஓரம் கிழியாமல் பிரித்து
இரண்டு தரம் படித்தேன்,
இரண்டெழுத்துக் குறைந்த அப்பாவோடு.

ஆபீசில் இன்னும் கேட்கவில்லை.
பதினொன்றரை பஸ்ஸை விட்டிறங்கி
நாலாம் மாடி திரும்பினால்
சாவித் துவாரம்
தெரிகிறது.