வரிசையில் பதினான்காவது வண்டி

சோஹாருக்கு வெளியே, கழிவுநீர்க் குளங்களின் வாசலில்
டேங்கர்கள் நிற்கும் வரிசையில்
இன்று நான் பதினான்காவது.
இரண்டரை மணி நேரம் ஆகும்.
ஏசி போட்டால் டீசலுக்குக் கணக்குக் கேட்பார்கள்.
கண்ணாடியை இறக்கினால் நாற்றம் வரும்,
நாற்றத்தோடு
பறவைகளும் வரும்.

முதல் வருஷம் எனக்கு இரண்டே பறவை:
காக்கா,
காக்கா இல்லாதது.

பிறகு ஒரு நாள்
அளவு தப்பித் தைத்த கால்சட்டைபோல
உடம்புக்கு மிஞ்சிய ரோஸ் கால்களோடு
ஒன்று என் முன்சக்கரத்தின் ஓரமாக நடந்துபோனது.
பெயர் தெரியாதது
கைமாற்று வாங்கிய காசுபோல் உறுத்தியது.
நெடுங்கால் உள்ளான்.
தெரிந்த மறுநாளே
குளத்தில் நாற்பது நெடுங்கால் உள்ளான்.
அதுவரை அந்த முப்பத்தொன்பதும்
எங்கே நின்றன?

கண் சீக்கிரம் படித்துவிடும்.
காதுதான் முரடு.
வால்வு கசிகிறதென்று ஸ்பானரோடு இறங்கி
மூன்று முறை வண்டியைச் சுற்றினேன்.
நான்காம் முறை
நாணலுக்குள், கட்டைவிரல் பருமனில்,
வாலை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது
அந்தக் கசிவு.
கதிர்க்குருவி.

ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன்.
ஒருமுறை மறந்து ஆபீசில் கொடுத்துவிட்டேன்.
கணக்கர் லினேஷ் போனில் கூப்பிட்டார்:
‘கொண்டலாத்தி ரெண்டு, பனங்காடை ஒண்ணு.
இது எந்த வில்லா?’

பனங்காடை கம்பியில் இருந்தால் வெறும் மண் நிறம்.
எழும்போதுதான்
உள்ளே மறைத்திருந்த நீலம் இரண்டையும்
விரித்துக் காட்டிவிட்டு
அடுத்த கம்பியில் போய் மறுபடி மண்ணாகும்.
அந்த ஒரு கம்பி தூரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் குளம் முழுக்கப் பழுப்பு உள்ளான்கள்.
அலகு எவ்வளவு நீளம், கால் என்ன நிறம்,
பறந்தால் முதுகில் வெள்ளை தெரிகிறதா?
மூன்றாம் கேள்விக்கு நிற்காது ஒன்றும்.
அவற்றுக்கெல்லாம் நேராக
‘பாக்கி’ என்று எழுதுகிறேன்.

ராத்திரி வரிசையில் சண்டை வரும், பெயருக்கு.
பின்வண்டி மொஃபிஸுல் சொல்வான், ‘ஹட்டிட்டி’.
முன்வண்டி அல்லா திவாயா, முல்தான்காரர், ‘டட்டீரி’.
கேட்டில் சீட்டு கிழிக்கும் ஹமூத், ‘கத்காத்’.
எனக்கு அது ஆள்காட்டி:
ஆள் வருது, ஆள் வருது என்று
யாருமில்லாத குளத்தை எழுப்பி உட்காரவைப்பது.
ஒரே தொண்டைதான்.
ஊருக்கு ஒரு காது.
நாலு பேரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று:
அது நம்மைச் சொல்லித்தான் கத்துகிறது.

போன வியாழன், விடிகாலை ஐந்தரை.
என் முறை.
ரிவர்ஸ் கியர் போட்டேன். பீப், பீப், பீப்.
குழாயருகே வந்ததும் நிறுத்தினேன்.
பீப் நிற்கவில்லை.
பின்னால் எவனோ மோதப்போகிறான் என்று
கதவைத் திறந்து குதித்தேன்.
வண்டி எதுவும் இல்லை.

விளக்குக் கம்பத்தின் உச்சியில்
கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசிக்கொண்டு
மைனா.
தலையை ஆட்டி ஆட்டி
பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது
இல்லாத ஒரு டேங்கரை.

சிரித்துவிட்டு ஏறப்போனவன் நின்றேன்.
மூன்றாவது பீப்பில் அது லேசாகக் கம்மியது.
மறுபடி கேட்டேன். மறுபடி மூன்றாவதில்.
என் வண்டியில்தான் ஒயர் லூஸ்.
மூன்றாவதில்தான் கம்மும்.
அறுபது டேங்கர் வந்துபோகும் இடத்தில்
எல்லாம் ஒரே சத்தம் என்று
நானே நினைத்திருந்தேன்.

ஒயரை மாற்றச் சொல்லி
ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை
மத்தியானம் போய்
திரும்ப வாங்கிக்கொண்டேன்.