சிகப்பி பேசியது

வினிஃப்ரெட் ஹாலம் என்று
டப்பாமேல் எழுதியிருந்தது.
நான் சொன்ன பெயர் சிகப்பி.
தேவகோட்டை வாயில் அது சுலபமாய் வரும்,
நிறமும் பொருந்திற்று.

ஊருணிக்குப் பின்னால் டேராக் கொட்டகை.
தகரக் குழலும் மூங்கில் குச்சியுமாய்
திரைக்குப் பக்கத்தில் நான், சவரிமுத்து,
மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.
எழுத்து அட்டையைப் பாதி படிப்பேன்,
மீதிக்கு அவள் உதட்டைப் பார்ப்பேன்.

படத்தில் அவள் புருஷன் மீன்பிடிக்கப் போனான்.
நான் அவனைக் கொண்டுவிக்க
மோல்மீனுக்கு அனுப்பினேன், மூன்று வருஷக் கணக்கில்.
புயலடித்தது. 'ரங்கூன் கப்பல்!' என்றேன்.
கித்தான் தடுப்புக்கு அந்தப் பக்கம்
வளையல் சத்தம் நின்றது.

மூன்றாம் ரீல் வரவேயில்லை,
திருச்சியில் எரிந்துபோனதாய்க் கேள்வி.
இரண்டில் ஆடினாள், நான்கில் கறுப்பு உடுத்தியிருந்தாள்.
அங்கே கறுப்புதான் வெள்ளை என்று விளக்கி
நடுவில் நடந்த சாவை
சோடா குடித்துக்கொண்டே நான்தான் செய்தேன்.

மறுநாள் ஒரு பையன் வந்தான்.
'ஆச்சி சொல்லச் சொன்னாக,
அந்தப் புருஷன் சாக வேண்டாமாம்.'
காகிதத்தில் மடித்து இரண்டு ரூபாய்.
அன்றிரவு அவள் மாமியாருக்காக அழுதாள்.
அதே கண்ணீர், அதே கைக்குட்டை.
சிகப்பி எதற்கும் இசைந்து அழுவாள்.

டப்பாவைச் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில்
அவளைப் பற்றிக் கொஞ்சம் கிடைத்தது:
அப்பன் துறைமுகக் கூலி,
பதினாறு வயதில் மேடையில் பின்வரிசை,
அப்புறம் கிழிந்திருந்தது.

பதினொரு படம் அவளாய்ப் பேசினேன்.
குதிரை ஏறினாள், விஷம் குடித்தாள்,
முத்தம் வந்த இடத்தில்
'ரகசியம் சொல்கிறான்' என்றேன்.

பேசும் படத்தில் அவள் வருகிறாள் என்றதும்
மதுரைக்கு பஸ் ஏறினேன்.
முதல் வரியைச் சொன்னாள்.
மணல் அரைபடுகிற மாதிரிக் குரல்,
கிணற்றடியிலிருந்து வந்தது.
முன்னால் இரண்டு துரைமார் சிரித்தார்கள்.
அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
ஏழு வருஷமாய் நான் அவளைக்
கீச்சுக் குரலில் பேசவைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அவளுக்குப் படமில்லை.
கடலோரத்தில் தொப்பிக் கடை வைத்தாள் என்றான்
டப்பா கொண்டுவரும் ஆள்;
அவன் பொய் சொல்லக்கூடியவன்.

புதுவயலில் அந்தப் பழைய ரீலை
மறுபடி ஓட்டினோம்.
அவள் வாய் திறந்தாள். நான் குழலை இறக்கி
தொண்டைக்கு அடியிலிருந்து பேசினேன்.
முன்வரிசையில் ஒருத்தன் கத்தினான்:
'சிகப்பிக்கு என்ன, சளியா?'
'ஆமாம்' என்றேன்,
'அங்கே குளிர் ஜாஸ்தி.'