சாவி அருகில் இல்லை

மோல்டே விமான நிலைய வாசலில்
ரக்னில்டை இறக்கிவிட்டுக் கிளம்பினான் டோர்கெய்ர்.
திரையில் ஒரு வரி: சாவி அருகில் இல்லை.
ஓடுகிற எஞ்சினை அது நிறுத்தவில்லை.
சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது,
அவளைப் போலவே.

நாலு வருடமாகச் சாவியைக் கையில் எடுத்ததில்லை.
தொட்டால் திறக்கும், அமுக்கினால் உறுமும்.
யார் பையில் கிடக்கிறதென்று யார் பார்த்தது?

இப்போது அது மேகத்துக்கு மேலே,
அவள் கம்பளிக் கையுறைக்குள்.

படகுத்துறை. பனித்தூறல்.
ஃபியோர்டுக்கு அக்கரையில் வீடு.
மஞ்சள் சட்டைக்காரன்
ஒவ்வொரு காராகப் படகில் ஏற்றி நெருக்கி நிறுத்திவிட்டு
இவன் கண்ணாடியைத் தட்டுகிறான்:
"எஞ்சினை அணைங்க."

பொத்தான் மேல் விரல்.
அமுக்கினால் அணையும்.
அணைந்தால்

பின்னால் பதினோரு கார்கள்,
ஒரு மீன் லாரி.